வீட்டிலே ஒரு படக்கொட்டகை

வெண்மையான சுவரில் ஒளி பட்டு உருவம் தோன்றுவதைத் தமிழில் "படம் விழுகிறது" என்று சொல்கிறோம். மழை விழுவதைப் போலவும் நிழல் விழுவதைப் போலவும் படமும் விழுகிறது. எத்தனை பொருத்தமான சொல் இது! ஆனால் இதே சொல்லுக்கு அச்சந்தரும் இன்னொரு பொருளும் உண்டு என்பதை, என் வீட்டுக் கூரையில் ஒரு படக்கருவியை மாட்டப் புகுந்த பிறகே நான் அறிந்துகொண்டேன். அந்த அனுபவத்தையும் அதிலிருந்து கற்ற முறைகளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28ஆம் நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு சலனப் படம் காட்டினார்கள். ஏழு மாதங்கூட ஆகவில்லை. 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஹோட்டலில் அதே விந்தை நடைபெற்றது. தமிழ்நாட்டில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு திருச்சிக்கு வந்திருந்த துப்பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கத்தையும் எழுப்பினார். அவர் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிச் சென்ற அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளையை இன்று ஒருவர் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். புரொஜெக்டர் என்று எல்லாரும் வழங்கும் அந்தச் சிறு பெட்டியைத்தான் இங்கே நான் கருவி என்று குறிப்பிடுகிறேன்.

பழைய கொட்டகைக்கும் இன்றைய வீட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொட்டகையில் இயந்திரத்துக்குத் தனி அறை இருந்தது. இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரியும் கடுஞ்சுடரே அதன் விளக்கு. 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலும் வழங்கிய படச்சுருளோ தீப்பற்றினால் அணையாத இயல்புடையது. ஆகவே இயந்திரத்தை மக்களிடமிருந்து பிரித்து, தனி மேடைமேல், தனி அறையில் வைத்தார்கள். வீட்டில் அப்படிச் செய்ய இடமில்லை. படம் பார்ப்பவர் அமரும் இடமும் கருவி தொங்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்த ஓர் உண்மையை மறந்ததனால்தான் நான் இடர்ப்பட்டேன்.

என் வீடு மதுரைக்கு வடக்கே, அழகர்மலை அடிவாரத்தில், அழகர்கோவிலில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையை விட்டுப் புறப்படும்போது எங்கள் ஊரும் அவரோடு புறப்பட்டுவிடும். வழிநெடுக மண்டகப்படிகளைக் கண்டு, தல்லாகுளத்தில் எதிர்சேவை ஏற்று, சித்திரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரை வாகனத்தில் அவர் வைகையில் இறங்குவார். அந்த நாள்களில் ஊரில் எஞ்சியிருப்போர் முதியவர்களும் நோயாளிகளும் குரங்குகளுமே.

என் தாயார் இளம் பருவத்திலிருந்து எழுபது வயது வரை அந்தப் பல்லக்கின் பின்னே நடந்தவர்கள். எண்பத்து மூன்றாம் வயதில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், கட்டிலே அவர்களுக்கு உலகமாயிற்று. தொலைக்காட்சியில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டினோம். "கட்டை விரல் அளவுதான் தெரிகிறார்" என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்கள். அவர்களுடைய பார்வையும் மங்கியிருந்தது. அன்றுதான், வீட்டுச் சுவர் முழுதும் விழும்படி ஒரு படக்கருவி வாங்கிவிடுவது என்று நான் உறுதிகொண்டேன்.

மறு ஆண்டு திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கருவி வந்து சேர்ந்தது. நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை எத்தனையோ மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். ஆயினும் என் வீட்டுக்கு வந்தபோது நான் ஒரு கோடும் வரையவில்லை. கூடத்தின் பின்கோடியில், உயரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஓர் இடத்தை விரலால் சுட்டினேன். துளையிட வந்த இளைஞர் அங்கே துளையிட்டு, மர முளை அடித்து, நான்கு திருகாணிகளால் கருவியை மாட்டிவிட்டுச் சென்றார். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. இடம் காட்டியவன் நான்.

அன்று மாலை படம் விழுந்தது. ஆனால் அது சுவரைத் தாண்டி ஒருபுறம் கதவின்மேலும் மறுபுறம் சன்னலின்மேலும் விழுந்தது. கருவி மிக உயரத்தில் இருந்ததால் அதைக் கீழ்நோக்கிச் சாய்க்க நேர்ந்தது. சாய்த்ததும் படத்தின் அடிப்பக்கம் விரிந்து, மேற்பக்கம் குறுகி, கவிழ்த்து வைத்த பூந்தொட்டியைப் போல் ஆயிற்று. இவை போதாவென்று, கூடத்தின் நடுவே சுழன்ற மின்விசிறியின் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டிச் சுவரெங்கும் நிழலை ஓடவிட்டன. விசிறியை நிறுத்தினால்தான் படம். விசிறி சுழன்றால் படமில்லை. சித்திரை மாதத்து மதுரைச் சீமையில் விசிறியில்லாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

நான்காம் நாள் இரவும் விசிறியை நிறுத்திப் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல், கட்டிலைத் தாழ்வாரத்துக்கு எடுத்துச் செல்லுமாறு தாயார் சொன்னார்கள். அப்படியே செய்தோம். நள்ளிரவில் கூடத்தில் ஒரு பேரொலி. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுண்ணாம்புக் காரையோடு முளைகளும் பெயர்ந்து கருவி தரையில் கிடந்தது. கட்டிலின் நான்கு கால்களும் பல மாதமாக அழுந்திய தடம் தரையில் இருந்தது அல்லவா? அந்த நான்கு தடங்களுக்கு நடுவே, தலைமாட்டில், அது கிடந்தது.

உடைந்த கூட்டைப் பழுது பார்க்க மதுரைக்கு அனுப்பினேன். திரும்ப மாட்டுவதற்கு மட்டும் துணிவு வரவில்லை. அப்போதுதான் எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர், செய்தி கேட்டு வந்தார். இளமையில் சுற்றுவட்டாரத்து டூரிங் டாக்கீசுகளில் ஆபரேட்டராக இருந்தவர். கூரையிலிருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "படம் விழணும் வாத்தியாரய்யா, மெஷின் விழக்கூடாது. ரெண்டுக்கும் கணக்கு வேற வேற" என்றார். நான் இனிச் சொல்லப்போவது அந்த இரு கணக்குகளே.

முதற்கணக்கு ஒளியின் கணக்கு. கருவியை எங்கே மாட்டலாம் என்று தொடங்குதல் தவறு. படம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று சுவரிலிருந்தே தொடங்க வேண்டும். எங்கள் சுவரில் கதவுக்கும் சன்னலுக்கும் இடையே 8 அடி அகலம் இருந்தது. கடைகளில் 100 அங்குலத் திரை என்று சொல்வது மூலைக்கு மூலை அளந்த அளவு. அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு என்னும் இக்காலப் படத்துக்கு, அதன் அகலம் ஏறக்குறைய 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். அதாவது 7 அடி 3 அங்குலத்துக்கு 4 அடி 1 அங்குலம். எங்கள் சுவருக்கு அது பொருந்திற்று. படுத்திருப்பவர் பார்ப்பதற்கு ஏற்ப, படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும் என்று பென்சிலால் கட்டம் போட்டோம்.

அடுத்தது தொலைவு. ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும்: கண்ணாடிவில்லைக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண் அது. என் கருவிக்கு அது 1.4 முதல் 1.6 வரை. 87 அங்குலத்தை இவ்விரு எண்களாலும் பெருக்கினால் 10 அடி 2 அங்குலமும் 11 அடி 7 அங்குலமும் கிடைக்கின்றன. இந்த ஒன்றரை அடிக்குள்தான் கருவி இருக்கவேண்டும். நானோ முதலில் பதினான்கரை அடியில் மாட்டியிருந்தேன்! அங்கிருந்து வில்லையை எவ்வளவு குறுக்கினாலும் படம் 9 அடிக்குக் குறையாது. அன்றியும், அதே ஒளி ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் பரவுவதால் படமும் அந்த அளவுக்கு மங்கும். தெளிவில்லாத கண்களுக்காக வாங்கிய கருவியை நானே மங்கச் செய்திருந்தேன்.

மூன்றாவது உயரம். கருவியைத் தலைகீழாகத் தொங்கவிடுவதே வழக்கம். படம் கவிழாமலிருக்க, கருவியின் அமைப்புப் பட்டியலில் கூரை என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே படத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படித் தொங்கும்போது, பல கருவிகளின் வில்லை திரையின் மேல்விளிம்புக்குச் சிறிது மேலே நின்றால், சாய்க்காமலே படம் சதுரமாக விழும். எவ்வளவு மேலே என்பதைக் கையேடு சொல்லும். எங்கள் திரையின் மேல்விளிம்பு 7 அடி 1 அங்குலம்; வில்லை நிற்கவேண்டிய உயரம் 7 அடி 6 அங்குலம். சாய்த்து மாட்டிவிட்டு, கோணலைக் கருவியின் உள்ளேயே திருத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். திருத்தலாம். ஆனால் அது படத்தை நேராக்குவதில்லை. விரிந்த பக்கத்திலுள்ள ஒளிப்புள்ளிகளைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு சதுரம் செய்கிறது. இது கோணலாகத் தைத்த சட்டையை வெட்டி வெட்டிச் சரிசெய்வது போன்றது.

அந்தப் புள்ளிகள் வீணாக்கத்தக்கவை அல்ல. 1987இல் லாரி ஹார்ன்பெக் என்னும் அமெரிக்க அறிஞர், விரல் நகத்தளவுச் சில்லில் இலட்சக்கணக்கான நுண்கண்ணாடிகளை அமைக்கும் முறையைக் கண்டார். ஒவ்வொரு கண்ணாடியும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அசைந்து, ஒளியைத் திரைக்கு அனுப்பியும் விலக்கியும் ஒரு புள்ளியை வரைகிறது. வேறு வகைக் கருவிகள் திரவப்படிகத் தகடுகளைக் கொண்டு இதையே செய்கின்றன. வகை எதுவாயினும், நேராக மாட்டினால்தான் எல்லாப் புள்ளிகளும் பயன்படும்.

இவற்றை எண்களால் முடிவுசெய்த பிறகு, முதியவர் ஒரு நூற்கண்டைக் கேட்டார். வில்லை நிற்கவேண்டிய இடத்தில் ஏணியின்மேல் ஒருவரை நூலைப் பிடிக்கச் செய்து, மறுமுனையைப் பென்சில் கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் மாற்றி மாற்றி இழுத்தார். நூல் செல்லும் வழியே ஒளியும் செல்லும். விசிறியின் இறக்கைகள் ஒன்பதரை அடி உயரத்தில் இருந்தன. நூல் அவற்றுக்கு இரண்டடி கீழே சென்றது. விசிறியும் சுழலலாம், படமும் விழலாம்! என் அகந்தை அடங்க ஒரு முழ நூல் போதுமானதாயிற்று. இன்னும் ஒன்று: பல கருவிகளில் வில்லை பெட்டியின் நடுவில் இருப்பதில்லை. ஆகவே திரையின் நடுக்கோட்டுக்கு நேரே வில்லையின் நடுவை நிறுத்த வேண்டும்; பெட்டியின் நடுவையன்று. இதற்குத் தூக்குக்குண்டு உதவும்.

இரண்டாம் கணக்கு பாரத்தின் கணக்கு. கூரை எவ்வகை என்று அறியாமல் ஆணி தொடுதல் கூடாது. எங்களுடையது தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய மச்சு. அந்தக் காரை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதில் அடித்த முளை நாள்தோறும் சிறிது சிறிதாக நழுவும். நான்காம் நாள் நடந்தது அதுவே. இத்தகைய மச்சில் பாரம் முழுவதையும் உத்திரமே ஏற்கவேண்டும். அதன் அடிவிளிம்பில் துளைத்து வலுவைக் குறைக்காமல், உத்திரத்தின் இருபுறமும் கவ்வும் இரும்புப் பட்டையை வைத்து, மரத்தின் நடு உயரத்தில் குறுக்கே போல்ட் செலுத்தி நட்டினால் முடுக்குவது நல்லது. எங்கள் நற்பேறு, 11 அடித் தொலைவில் ஓர் உத்திரம் இருந்தது. ஓட்டு வீடாயின் விட்டத்தில் இவ்வாறே மாட்டலாம்.

இன்றைய கான்கிரீட் கூரைக்கு முறை வேறு. மேற்பூச்சு பாரம் தாங்காது. அதைக் கடந்து கான்கிரீட்டுக்குள் இறங்கி விரியும் ஆங்கர் போல்ட் தேவை. துளையிட்டபின் உள்ளிருக்கும் பொடியை ஊதி வெளியேற்றாவிட்டால் போல்ட் இறுகாது. துளையிடும்போது உள்ளே கம்பி தட்டினால் வலிந்து துளைக்காமல் சற்றுத் தள்ளித் துளையிடுக. அந்தக் கம்பிதான் கூரையைத் தாங்குகிறது. விசிறிக்கும் விளக்குக்கும் செல்லும் மின்குழாய் கூரைக்குள்ளேயே புதைந்திருப்பதால், அவற்றின் வழியை அறிந்தபின்பே கை வைக்க வேண்டும். துருக்கறை படிந்து பூச்சு உதிரும் கூரையில் எதையும் தொங்கவிடலாகாது. அழகுக்காகக் கீழே அமைக்கும் பொய்க்கூரையை ஒருபோதும் நம்பக்கூடாது. அதைத் துளைத்து மெய்க்கூரையில் மாட்டுக. விசிறிக் கொக்கியில் கருவியைத் தொங்கவிடுவதும் ஆகாது. விசிறியின் அதிர்வு முழுதும் படத்தில் தெரியும்.

எங்கள் மச்சு 11 அடி உயரமாதலால் மூன்றடிக் குழாய் வேண்டியிருந்தது. நீண்ட குழாய் ஊசலாடும். கருவி அரைப் பாகை திரும்பினாலே 11 அடிக்கு அப்பால் படம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகையால் குழாய்க்குப் பக்கத்து உத்திரத்திலிருந்து சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்தோம்.

அதன்பின் கருவியை மாட்டிவிடலாம் என்று நான் ஏணியில் ஏறினேன். முதியவர் தடுத்தார். அடுக்களைக்குள் சென்று, 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்கிவரச் செய்து, அதை அந்தக் குழாயில் கட்டித் தொங்கவிட்டார். கருவி 4 கிலோ; குழாயும் தாங்கியும் 2 கிலோ. ஆறு கிலோவைத் தாங்க வேண்டிய பிடிப்பு, அதற்கு நான்கு மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை ஓர் இரவு முழுதும் சுமந்து காட்ட வேண்டும் என்பது அவர் விதி. குழாய்க்கும் உத்திரத்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். காலையில் அக்கோடு பிசகாமல் இருந்தால் பிடிப்பு நழுவவில்லை என்று பொருள். அன்றிரவு கூடத்தில் எவரையும் படுக்க விடவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சிப்பம் அசையாமல் தொங்கிற்று. கோடு ஒரு நூலளவும் விலகவில்லை. அந்த அரிசியை இறக்கியபின்பே கருவி ஏறிற்று. அப்போதும் ஓர் எஃகுக் கயிற்றால் அதை அடுத்த உத்திரத்தோடு தனியே பிணைத்தோம். முதற்பிடி தவறினாலும் இரண்டாம் பிடி தடுத்துக்கொள்ளும்.

எஞ்சியவை சிறியவை, ஆயினும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. கருவிக்கு நில இணைப்புள்ள மூன்று முள் மின்வாய் அருகிலேயே வேண்டும். விளக்கு வகைக் கருவியில், படம் முடிந்தபின்னும் உள்விசிறி சில நேரம் சுழன்று விளக்கைக் குளிர்விக்கும். அதற்குள் மின்சாரம் நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். ஆகவே யு.பி.எஸ். இணைத்தல் நலம். காற்று புகும் வாயும் வெளியேறும் வாயும் அடைபடாதிருக்க நாற்புறமும் ஓரடி இடம் விடுக. தூசி வடிகட்டியுள்ள கருவியாயின் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் புழுதிக்கு அதுவும் போதாது. படச்செய்தி வரும் எச்.டி.எம்.ஐ. கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் தனியே கொண்டுசெல்க. அது 10 மீட்டருக்கு மேல் நீண்டால் ஒளியிழைக் கம்பி ஏற்றது. மொட்டைமாடியிலிருந்து வரும் கம்பியைக் குழாய்க்குள் மறைத்தோம். அழகர்மலைக் குரங்குகளுக்குத் தொங்கும் கம்பி எதுவாயினும் ஊஞ்சலே. இவை அனைத்துக்கும் மேலாக, எரியும் வில்லைக்குள் குழந்தைகள் கண் வைத்துப் பாராதிருக்கக் கற்பிக்க வேண்டும்.

சித்திரா பௌர்ணமி விடியலுக்கு முன்னரே கூடத்தின் சன்னல்களை அடைத்தோம். வெள்ளை பூசி, ஓரங்களில் கறுப்புத் துணி ஒட்டிய சுவரில் வைகை விரிந்தது. ஊருக்குள் எஞ்சியிருந்த முதியவர்கள் பதினைந்து இருபது பேர் வந்து தரையில் அமர்ந்தார்கள். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பச்சைப் பட்டு உடுத்தி அழகர் ஆற்றில் இறங்கியபோது, குதிரையின் கழுத்தே என் தாயாரின் உயரம் இருந்தது. அவர்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார்கள். பிறகு, "கட்டிலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழு" என்றார்கள்.

இழுத்தேன். கட்டிலின் தலைமாடு கருவிக்கு நேர் கீழே வந்து நின்றது. கூடத்திலிருந்த எல்லாருடைய கண்களும் அழகரின்மேல் இருந்தன. நான் ஒருவன் மட்டும் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தேன். பென்சில் கோடு அங்கேயே இருந்தது. அதன்பின்னரே நானும் அழகரைப் பார்த்தேன்.

ஆகவே, வீட்டில் படக்கொட்டகை அமைக்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். திரையை முதலில் வரைக. நூலைப் பிடித்து ஒளியின் வழியைக் காண்க. கூரையின் இயல்பை அறிக. ஓரிரவு அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிடுக. கருவி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை. நம் வீட்டில் அந்தக் கருவிக்குக் கீழே படுத்திருப்பவர் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தால், இந்தப் பொறுமை தானாகவே வந்துவிடும்.